ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் சர்க்கரை எதற்கு?

பேதியோடு வரும் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்தால், "பேதி நிக்க மருந்து இல்லையா டாக்டர், வெறும் உப்புத்தண்ணிதானா?" என்று கேட்கிற பெற்றோர் நிறையப் பேர். நியாயமான கேள்விதான். பதில் குடல் செல்லின் சவ்வில் இருக்கிறது.

செல் சவ்வு கொழுப்பு அடுக்கு. ஆக்சிஜன் அதில் தானாகவே நுழைந்துவிடும், உப்பிலுள்ள சோடியமும் சர்க்கரையான குளுக்கோஸும் நுழையாது. அவற்றுக்குச் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் வழி. சிறுகுடலில் எஸ்ஜிஎல்டி1 என்று ஒரு புரதம் உண்டு, அது 2 சோடியம் அயனியையும் 1 குளுக்கோஸையும் சேர்த்தேதான் உள்ளே எடுக்கும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். இந்த ஜோடிக் கடத்தலை 1960இல் முன்வைத்தவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். காலரா நச்சு வேறொரு புரதத்தை, சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாய்க்காலை, மூடவிடாமல் செய்துவிடுகிறது. குளோரைடும் சோடியமும் தண்ணீருமாகக் கொட்டுகிறது. ஆனால் எஸ்ஜிஎல்டி1 கெடுவதில்லை! அதனால்தான் பேதி போய்க்கொண்டிருக்கும்போதே ஓ.ஆர்.எஸ். வேலை செய்கிறது. அது பேதியை நிறுத்தாது, இழந்ததைத் திருப்பித் தரும், உயிரைக் காப்பது அதுதான். 1971இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை வாய்வழியாகவே கொடுக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த காலரா மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

சரி, அப்படியானால் அளவு ஏன் முக்கியம்? 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு), இரண்டும் சமம். பெரிய பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி, குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். அட்டைப்பெட்டி ஜூஸிலும் சோடாவிலும் சர்க்கரை மிக அதிகம், உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் சர்க்கரை தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். இந்த அளவுக்குள் வராத இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ள 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது, எத்தனையோ வருடம் முன்பே வந்திருக்க வேண்டிய தடை.

பாக்கெட்டில் 1 லிட்டர் என்றிருந்தால் முழுசாக 1 லிட்டரில், 200 மி.லி. என்றிருந்தால் 200இல், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் திரும்பக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். அப்புறம் டாக்டர் எழுதும் துத்தநாக (ஜிங்க்) மருந்தைப் பேதி நின்றாலும் 14 நாள் முடிக்கணும். கண் குழிவிழுந்து, சிறுநீர் போகாமல், குடிக்கவும் முடியாமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வழியிலும் முடிந்தவரை கரைசலைக் கொடுத்துக்கொண்டே.