வரப்பு உயரத்தால் அல்ல, மட்டத்தால் நிற்கிறது

சரிவு நிலத்தில் மண்ணை முதலில் பெயர்ப்பது ஓடும் நீரல்ல, விழும் துளி. 5 மி.மீ. விட்டமுள்ள மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. மண்கட்டி உடைந்து, உதிர்ந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். பிறகு நீர் உள்ளே இறங்க வழியில்லை, சரிவில்தான் ஓடும். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மண் போனால் 10 கன மீட்டர், அதாவது சுமார் 13 டன். கண்ணுக்கோ எதுவும் தெரியாது.

ஆகவே மூடாக்குதான் முதல் வேலை. அறுவடைத் தாளை எரிக்காமல் பரப்பி, தரையில் மூன்றில் ஒரு பங்கு மூடினாலே அரிப்பு ஏறத்தாழப் பாதியாகும்.

வரப்பு அதற்கு அடுத்தபடி. சரிவின் சதவீதத்தை 3-ஆல் வகுத்து, 2 கூட்டி, 0.3-ஆல் பெருக்கினால், அடுத்தடுத்த இரு வரப்புகளுக்கு இடையே இருக்கவேண்டிய உயர வேறுபாடு மீட்டரில் கிடைக்கும். 3 சதவீதச் சரிவுக்கு அது 0.9 மீட்டர், தரையில் அளந்தால் 30 மீட்டர் இடைவெளி. கனமழை பெய்யும் இடத்தில் இன்னும் நெருக்கிப் போடவேண்டும்.

கோடு போடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வரப்பு ஒரே மட்டத்தில் வளைந்து போகவேண்டும். நேராக இருக்கவேண்டும் என்ற ஆசை ஆகாது. இரண்டு கழிகளை உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குக்கட்டை வைத்து, உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டால் மட்டம் பார்க்கும் கருவி தயார். இரு முளைகளின் மேல் நிறுத்தி, நூல் தொடும் இடத்தைக் குறுக்குக்கட்டையில் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி மறுபடி குறியுங்கள். இரு குறிகளுக்கும் நட்டநடுவே நூல் நின்றால் கால்கள் இரண்டும் ஒரே மட்டம்.

வரப்பில் ஓரிடம் ஒரு சாண் தாழ்ந்தாலும் தேங்கிய நீரெல்லாம் அங்கேதான் வழியும். பரவலாகப் போகவேண்டிய நீர் ஒரே வாயில் பாய்ந்து, கீழே ஓடையையே வெட்டிவிடும். வரப்பே போடாத நிலம் இதைவிடத் தேவலை. புதுமண் அமுங்கும் என்பதால் பத்தில் ஒரு பங்காவது கூடுதல் உயரம் கொடுத்து, அடுக்கடுக்காக இடிக்கவேண்டும். மிகுநீர் வெளியேற, வரப்பின் உச்சியைவிடத் தாழ்வாகக் கல் பரப்பிய கலிங்கு அவசியம்.

கோடையில் வெடிப்பு விடும் களிமண்ணில் இந்த முறை சரிப்படாது. வெடிப்பில் நீர் புகுந்து வரப்பைக் குடைந்துவிடும். அங்கே லேசான வாட்டம் கொடுத்து, நீரைப் புல் வளர்ந்த வடிகாலுக்குத் திருப்புவதே சரி. வரப்போரம் வெட்டிவேர் நடுவதானால் நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 செ.மீ.; பட்டுப்போன இடத்தை அடுத்த மழைக்குள் நிரப்பாவிட்டால், நீர் அந்த இடைவெளியைத்தான் பிடிக்கும்.