பால்கனைசேஷன்: துண்டாடலா, பிளவுபடலா?

ஒரு நாடு பல சின்ன நாடுகளாக உடைந்து, அவை ஒன்றையொன்று பகைத்துக்கொண்டு நிற்கும் நிலைக்கு ஆங்கிலத்தில் 'பால்கனைசேஷன்' என்று பேர். தமிழ் ஏடுகளில் அது சில சமயம் அப்படியே வருகிறது, சில சமயம் 'பால்கன்மயமாதல்', 'பால்கனாக்கம்' என்று வருகிறது. கட்சி நான்காக உடைந்தாலும் இதே சொல், இணையத்துக்கு நாடுகள் தனித்தனியே வேலி போட்டாலும் இதே சொல். மொழிபெயர்ப்பில் இது எதிர்ப்படும்போதெல்லாம் எனக்குக் கை நின்றுவிடும். ஒரு மலையின் பேர் எப்படி இப்படி ஒரு கேட்டுக்குப் பேராயிற்று? அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பால்கன் என்பது துருக்கியச் சொல். காடு அடர்ந்த மலைத்தொடர் என்று பொருள். இன்றைய பல்கேரியாவின் குறுக்கே, செர்பிய எல்லையிலிருந்து கருங்கடல் வரை ஓடும் தொடருக்கு ஒட்டோமான் துருக்கியர் ஆண்ட காலத்தில் அந்தப் பேர் நிலைத்தது. பழைய கிரேக்கர்கள் அதை ஹைமோஸ் என்றார்கள். பல்கேரியர்களுக்கு அது ஸ்தாரா பிளானினா, அதாவது 'பழைய மலை'. அவர்களுடைய நாட்டுப்பண் அந்த மலையின் பேரைச் சொல்லித்தான் தொடங்குகிறது. 'பால்கன்' என்ற சொல்லும் பல்கேரிய மொழியில் மலை என்ற பொருளில் இன்றும் வழங்குகிறது. அதில் இழிவு எதுவும் இல்லை, பாசம்தான் இருக்கிறது.

மலையின் பேர் நிலப்பரப்பு முழுவதற்கும் பரவியது ஒரு பிழையால். 1808இல் ஆகுஸ்ட் சொய்னே என்ற ஜெர்மன் புவியியலாளர், இந்தத் தொடர் ஏட்ரியாட்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை நீள்கிறது என்று நம்பி, தெற்கே உள்ள நிலம் முழுவதையும் 'பால்கன் தீபகற்பம்' என்று எழுதினார். (தீபகற்பத்துக்குத் தீவக்குறை என்ற நல்ல சொல் நம்மிடம் உண்டு. இலங்கையில் குடாநாடு என்பார்கள்.) மலை அவ்வளவு தூரம் போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது.

அப்புறம்தான் பேருக்குக் கறை படிந்தது. 1912, 1913 ஆண்டுகளில் இரண்டு பால்கன் போர்கள் நடந்தன. முதல் போரில் பல்கேரியா, செர்பியா, கிரேக்கம், மொண்டெனேக்ரோ நான்கும் சேர்ந்து ஒட்டோமானை எதிர்த்தன. இரண்டாவதில், பிடித்த நிலத்தைப் பங்கு போடும் சண்டையில் பழைய கூட்டாளிகளே மோதிக்கொண்டார்கள். முதல் உலகப் போரின் முடிவில், பேரரசுகள் உடைவதைக் குறிக்க 'பால்கனைசேஷன்' புழக்கத்துக்கு வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சமயம் ஐரோப்பாவில் முக்கியமாக உடைந்தவை ஆஸ்திரியா-ஹங்கேரியும் ரஷ்யாவும். புதிதாக எழுந்தவை போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, பின்லாந்து, மூன்று பால்டிக் நாடுகள். பால்கனிலோ அதே நேரத்தில் சேர்க்கை நடந்தது. 1918 டிசம்பர் 1 அன்று செர்பியர், குரோவாசியர், சுலோவேனியர் ஆகியோரின் முடியரசு என்ற பேரில் ஒரே நாடு உருவாயிற்று. 1929இல் அதற்கு யூகோஸ்லாவியா, அதாவது 'தென் ஸ்லாவியர் நாடு' என்று பேர் வைத்தார்கள். உலகம் உடைவதற்குப் பால்கனின் பேரைச் சூட்டிய நேரத்தில் பால்கன் ஒன்றுசேர்ந்துகொண்டிருந்தது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

இந்தச் சொல் நம் பக்கமும் வந்திருக்கிறது. 1947இல் அதிகாரத்தை மாகாணங்களிடம் தனித்தனியே ஒப்படைக்க மவுண்ட்பேட்டன் தரப்பு தயாரித்த வரைவுக்கே 'பிளான் பால்கன்' என்றுதான் பேர். மே மாதம் சிம்லாவில் அதைப் படித்துப் பார்த்த நேரு கொதித்துப்போய் எதிர்த்தார். அது கைவிடப்பட்டது. ஆப்பிரிக்காவில் செனகலின் தலைவர் செங்கோரும் கானாவின் தலைவர் நிக்ருமாவும் தங்கள் கண்டம் சிறுசிறு நாடுகளாகச் சிதறுவதைக் கண்டிக்க இதே சொல்லை எடுத்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

நம் மொழியில் தன்வினை, பிறவினை என்ற பாகுபாடு உயிரோடு இருக்கிறது. பானை உடைந்தது என்றால் ஒன்று, பானையை உடைத்தான் என்றால் வேறொன்று. பிரிதல், பிரித்தல். சிதறுதல், சிதறடித்தல். ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒரே பைக்குள் போட்டு வைத்திருக்கிறது. யார் செய்தார்கள் என்று அது சொல்ல வேண்டியதில்லை. தமிழில் எழுதுகிறவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பால்கனைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. 1991 ஜூன் 25 அன்று சுலோவேனியாவும் குரோவாசியாவும் விடுதலையை அறிவித்தன. பிறகு மாசிடோனியா, பொஸ்னியா. 2006இல் மொண்டெனேக்ரோ, 2008இல் கொசோவோ. யூகோஸ்லாவியா உடைந்ததா, உடைக்கப்பட்டதா என்று கேட்டால் ஊருக்கு ஊர் பதில் மாறும். வெளியார் உடைத்தார்கள் என்பார்கள் சிலர். தலைநகர் பெல்கிரேடின் ஆதிக்க அரசியலே உடைத்தது என்பார்கள் சிலர். கடனும் பொருளாதார நெருக்கடியும் முற்றித் தானாகவே இற்றுப்போனது என்பார்கள் வேறு சிலர். எழுதுகிறவர் எந்த வினையைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அதுவே அவருடைய நிலைப்பாடாகிவிடும்.

ஆகவே என் பரிந்துரை இது. யாரோ திட்டமிட்டுச் செய்வதாக மூலம் சொன்னால் 'துண்டாடல்'. நாட்டைத் துண்டாடப் பார்க்கிறார்கள் என்று மேடையில் பேசுவதைக் கேட்டே வளர்ந்த நமக்கு, அந்தச் சொல்லில் உள்ள குற்றச்சாட்டு தானாகவே விளங்கும். உள்ளிருந்தே நடப்பதாகச் சொன்னால் 'பிளவுபடல்'. 'பிரிவு' இதற்குப் போதாது, ஏனென்றால் பிரிவில் பகை இருந்தே ஆக வேண்டியதில்லை. அண்ணன் தம்பி உட்கார்ந்து பேசி, கிணற்றடியையும் மாட்டுத் தொழுவத்தையும் அளந்து பாகப்பிரிவினை செய்துகொள்வதில்லையா? 1993 ஜனவரி 1 அன்று செக்கோஸ்லோவாக்கியா இரண்டானது அந்த மாதிரிதான். அதை யாரும் பால்கனைசேஷன் என்று சொல்லவில்லை. பிளவு என்ற சொல்லில் அந்தக் கசப்பு உள்ளேயே இருக்கிறது. 'பால்கனாக்கம்' என்ற வடிவத்தை விட்டுவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே வாழ்கிறவர்களின் ஊர்ப் பேரை வசையாக்கிச் சொல்ல வேண்டிய தேவை தமிழுக்கு இல்லை.

அதுவும் இப்போது, அந்த நாடுகள் எதிர்த்திசையில் நடக்கப் பாடுபடும்போது. 2003 ஜூனில் தெசலோனிக்கி உச்சிமாநாட்டில், உங்கள் வருங்காலம் எங்களோடுதான் என்று ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுக்கு வாக்குக் கொடுத்தது. 'மேற்குப் பால்கன்' என்ற தொடரைப் பரப்பியதும் ஒன்றியம்தான். அது திசையைக் காட்டும் பேர் போலத் தெரிந்தாலும், உண்மையில் காத்திருப்போரின் பட்டியல். குரோவாசியா அதில் இருந்தது. 2013 ஜூலை 1 அன்று ஒன்றியத்தில் சேர்ந்ததும் பட்டியலிலிருந்து நீங்கியது. இப்போது மீதி இருப்பவை அல்பேனியா, பொஸ்னியா-ஹெர்செகோவினா, கொசோவோ, மொண்டெனேக்ரோ, வட மாசிடோனியா, செர்பியா.

இந்த ஆறும் ஒன்றியத்துக்குள் போவதைத் தமிழில் 'ஒருங்கிணைப்பு' என்று எழுதுகிறோம். இங்கும் அதே வினைச் சிக்கல்தான். ஒருங்கிணைப்பு யாரோ செய்வது, ஒருங்கிணைதல் தாமே செய்வது. ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் விதிக்கும் சட்டச் சீர்திருத்தங்களைப் பற்றி எழுதும்போது முதல் சொல் பொருந்தும். ஆறு நாடுகளும் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளுக்கு இரண்டாவதுதான் சரி.

அந்த ஏற்பாடுகளுக்கு 'வட்டார ஒத்துழைப்பு' என்று சொல்லலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வட்டாரம் என்றதும் வட்டார வளர்ச்சி அலுவலர் நினைவுக்கு வரலாம், சின்ன இடம்போலத் தோன்றலாம். சிங்கப்பூரில் தென்கிழக்காசியா முழுவதையும் வட்டாரம் என்றே எழுதுகிறார்கள். இலங்கையில் பிராந்தியம் என்பார்கள். எனக்கு வட்டாரம் பிடிக்கும், அதில் அக்கம்பக்கம் என்ற நெருக்கம் இருக்கிறது. பொஸ்னியத் தலைநகர் சராயேவோவில் 2008 முதல் ஒரு வட்டார ஒத்துழைப்பு மன்றம் இயங்குகிறது. இந்த நாடுகளைத் தங்களுக்குள்ளும் ஒன்றியத்தோடும் நெருக்கமாக்க 2014இல் ஜெர்மனி தொடங்கிவைத்த பெர்லின் செயல்முறை என்ற பேச்சுத் தொடரும் நடந்துவருகிறது. சாதாரண ஆளுக்குக் கண்ணில் படுவது கைபேசியில்தான். வட மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயில் பஸ் ஏறி எல்லை தாண்டிக் கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவில் இறங்கினால், முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு போன் பண்ணவே யோசிக்க வேண்டும். 2021 ஜூலை 1 முதல் இந்த ஆறு நாடுகளுக்குள் ரோமிங் கட்டணம் நீங்கியது.

இத்தனையிலும் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னக் குறி. கொசோவோவைச் செர்பியா நாடாக ஏற்கவில்லை. அப்படியிருக்க, இரண்டும் ஒரே வட்டாரக் கூட்டத்தில் எப்படி உட்காரும்? 2012 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் பேசி ஒரு வழி கண்டார்கள். மேசைமேல் வைக்கும் பெயர்ப்பலகையில் 'கொசோவோ' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் உடுக்குறி (*) வரும். பெயர் எந்தத் தரப்பின் நிலைப்பாட்டையும் பாதிக்காது, ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1244ஆம் தீர்மானத்துக்கும் கொசோவோவின் விடுதலை அறிவிப்பு பற்றிப் பன்னாட்டு நீதிமன்றம் தந்த கருத்துரைக்கும் இணங்கியது என்று ஆவணத்தின் அடிக்குறிப்பு சொல்லும். ஒரு தரப்புக்குப் பேர் கிடைத்தது, மறு தரப்புக்கு அந்த உடுக்குறி கிடைத்தது, இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த ஆவணங்களைத் தமிழாக்குகிறவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்து அந்த உடுக்குறியை அழித்துவிட வேண்டாம்.