வரையாட்டுக்கு மீசை எதற்கு?

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: "வரையாட்டை நாயகனாக வைத்து கேம் செய்கிறேன். சிவப்புத் தொப்பியும் மீசையும் வைத்ததும் எல்லாரும் 'மரியோ காப்பி' என்கிறார்கள். தொப்பி யாருடைய சொத்து?"

யாருடையதும் இல்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனாலும் உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான்.

1981இல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக ஜப்பானிய கேம் வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ மரியோவை வரைந்தபோது கையிலிருந்தது 16-க்கு 16 கட்டம், அதாவது 256 பிக்சல். நிறம் மூன்றே. அதற்குள் தலைமுடி வரைவது கஷ்டம், அதனால் தொப்பி. வாய் வரைய இடமில்லை, மூக்கும் தனியாகத் தெரிய வேண்டும், அதனால் மீசை. ஓடும்போது கை உடம்போடு கரைந்துவிடும். அதனால் சட்டைக்கு ஒரு நிறம், ஓவரால் கால்சட்டைக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் மரியோவின் ஒரு சிக்கலுக்கு விடை. அதை அப்படியே எடுத்தால் காப்பிதான்.

அதே 16 பிக்சல் அகலத்தில் வரையாட்டின் சிக்கல் வேறு: நாலு கால். காலுக்கு 2 பிக்சல், நடுவே மூன்று இடைவெளி என்றால் 11 பிக்சல் போய்விடும். கழுத்துக்கும் தலைக்கும் மிச்சம் 5. நிற்கும்போது அழகாக இருக்கும். நடக்கவிட்டால் இடைவெளி அடைபட்டுக் கால்கள் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பக்கத்துக் கால் இரண்டை மட்டும் முழுதாக வரையுங்கள். அந்தப் பக்கத்துக் கால்கள் நடைப் படங்களில் ஒரு பிக்சல் எட்டிப் பார்த்தால் போதும்.

கொம்பு பின்னோக்கி வளைய வேண்டும். பக்கவாட்டில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் ஒன்றே போதும். அடியில் 2 பிக்சல், நுனியில் 1. தாடி வைக்காதீர்கள், வரையாட்டுக்குத் தாடி கிடையாது. வைத்தால் சந்தை ஆடாகிவிடும். உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள்: அப்போதும் வரையாடு என்று தெரிந்தால் தேறியது. தொப்பி போட்டால் கொம்பு மறையும், தேர்வில் தோற்கும்.

அடுத்தது நிறம். கரும்பழுப்புக் கிடா சோலைக்காட்டுப் பின்னணியில் காணாமல் போகும். அதற்கு இயற்கையே வழி வைத்திருக்கிறது: முதிர்ந்த கிடாவின் முதுகில் வெள்ளிச் சாம்பல் திட்டு. மூன்றாவது நிறத்தை அதற்குக் கொடுங்கள். பெட்டைக்கு அது கூடாது. கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் ஒதுக்கும் கல்லூரிகள் வரையாடு வாழும் முக்கூர்த்திப் பக்கம் ஒருநாள் பயணத்துக்கும் ஒதுக்கினால் இதெல்லாம் மாணவர் கண்ணில் தானே படும்.

பெரிதாக்கும்போது 2, 3, 4 என முழு மடங்காகவே பெரிதாக்குங்கள். இரண்டரை மடங்கு என்றால் சில பிக்சல் 2 ஆகவும் சில 3 ஆகவும் விரிந்து கொம்பு கோணும். மென்மையாக்கும் ஃபில்டரையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பிக்சல் நுனி மங்கிப்போகும்.