காய்ச்சலா? கடைசியாக எந்த ஊருக்குப் போனீர்கள் என்று சொல்லுங்கள்

"மூணு நாளா காய்ச்சல் டாக்டர், டெங்கி டெஸ்ட் எடுத்தாச்சு, இல்லைன்னுட்டாங்க" என்று வந்து உட்கார்ந்தவர் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து விட்டிருந்தார். ஏர்கானை நிறுத்தச் சொன்னார். பல் கிட்டிப் பேச்சு பாதியில் நின்றது. அரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது.

"கடைசியா எந்த ஊருக்குப் போனீங்க அண்ணே?"

"சென்னைக்கு. அக்கா மகள் கல்யாணம். அது ஆச்சு நாலு மாசம்."

ஊரில் லேசாகக் காய்ச்சல் வந்ததாம், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டதும் போய்விட்டதாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்த்ததில் மலேரியா, விவாக்ஸ் வகை. இந்த ஒட்டுண்ணி கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கிக் கிடந்துவிட்டு மறுபடி ரத்தத்தில் இறங்கும். அதனால் நாலு மாதம் ஆகிவிட்டதே என்று ஒதுக்கிவிட முடியாது. ஃபால்சிபாரம் வகை இன்னும் மோசம், கவனிக்காவிட்டால் சில நாட்களிலேயே உயிரை எடுத்துவிடும்.

சிங்கப்பூரை மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 1982இல் அறிவித்தது. அதனாலேயே இங்கே காய்ச்சல் என்றால் எல்லாருக்கும் டெங்கிதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு இங்கிருந்து போய்விடவில்லை, 2009இல் உள்ளூரிலேயே சிலருக்குத் தொற்றியது.

எனக்கு அதிகக் கவலை தருவது "நான் பொறந்து வளர்ந்த ஊரு, எனக்கென்ன ஆகும்" என்ற பேச்சு. அங்கே கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி இருந்திருந்தாலும் பல வருடம் இங்கே இருந்தால் அது குறைந்துவிடும், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ அது இருக்கவே இருக்காது. டெங்கிக் கொசு பகலில் கடிக்கும், மலேரியாக் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். சென்னை போன்ற நகரங்களில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். தொட்டி மூடியைச் சரியாகப் போடச் சொல்லுங்கள், வலைக்குள் தூங்குங்கள், மாலையில் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டிப் பூச்சும் வேண்டும். தடுப்பு மாத்திரை தேவையா என்பது போகிற இடத்தைப் பொறுத்தது. பயணத்துக்கு இரண்டு வாரமாவது முன்னால் வந்து கேளுங்கள். சில மாத்திரைகளைத் திரும்பி வந்தபின் 4 வாரம்வரை போட வேண்டும், பலர் விமானம் இறங்கியதுமே நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த அண்ணனுக்குக் கல்லீரலில் பதுங்கியதையும் அழிக்க 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள். அதற்கு முன் ஜி6பிடி குறைபாடு, அதாவது இந்த மாத்திரையைப் போட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் பிறவிக் குறை, இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம், இங்கே குழந்தை பிறந்ததும் எடுக்கிறார்களே, அதே சோதனைதான். இரண்டாம் வாரம் "நல்லாயிட்டேனே, நிறுத்திடவா?" என்று போனில் கேட்டார். வேண்டாம் என்றேன். அப்புறம் காலி மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.