பனிமலையைத் தேர்ந்தெடுக்கும் முன்: ஓர் எலும்பு மருத்துவரின் குறிப்புகள்

கும்பகோணத்தில் எலும்பு முறிவு மருத்துவம் பார்ப்பவருக்கு மணிக்கட்டு முறிவுக்கென்று ஒரு பருவம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பு வழுக்கி விழுந்தவர்களும் படித்துறைப் பாசியில் கால் வைத்தவர்களும் ஒரு கையை மறு கையால் தாங்கியபடி வருவார்கள். தை பிறந்து, சம்பா அறுவடை தொடங்கி, வரப்பும் காய்ந்துவிட்டால் அந்தக் கூட்டம் குறைந்துவிடும். கடந்த சில ஆண்டுகளாகக் காய்ந்த மாதங்களிலும் அதே முறிவோடு இளைஞர்கள் வருகிறார்கள். பொங்கல் விடுமுறையோடு நான்கு நாள் சேர்த்துக்கொண்டு, வடக்கே பனிமலைக்கு, பலகையில் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டு பழகப் போய்த் திரும்பியவர்கள் இவர்கள்.

சென்ற தை மாத இறுதியில் ஓர் இளைஞர் தம் தாயாருடன் வந்தார். விழுந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. மலையடிவாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை என்பதால், சுளுக்கு என்று எலாஸ்டிக் கட்டு போட்டு அனுப்பியிருந்தார்கள். “பனியிலதானே விழுந்தான், பஞ்சு மாதிரிதானே இருக்கும் டாக்டர்” என்றார் தாயார். கட்டைவிரலை விரிக்கச் சொன்னேன். விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கமாக, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு குழி விழும். அந்தக் குழியில் என் விரல் பட்டதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். படகு வடிவில் அங்கே இருக்கும் ஸ்காஃபாய்டு என்ற எலும்பு முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. பத்து முதல் பதினான்கு நாள் கழித்து மீண்டும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பாய்வதால், நடுவில் முறிந்தால் பின்பாதி பட்டினி கிடக்கலாம். கவனிக்காமல் விட்டால் சேராமலே போகலாம். அவருக்கு மாவுக்கட்டிலேயே சேர்ந்தது.

கட்டுப் போடும்போது, அந்த மலையை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். பனி ஆழம் அதிகம் என்றும், ரோப்கார் மிக உயரம் வரை போகும் என்றும், படங்கள் நன்றாக இருந்தன என்றும் சொன்னார். மூன்றுமே உண்மைதான். ஆனால் முதன்முறை போர்டில் ஏறுபவருக்கு அந்த மூன்றாலும் பயன் இல்லை. புதியவர்தான் அதிகம் விழுகிறார், அதுவும் முதல் இரண்டு மூன்று நாள்களுக்குள். எனவே உச்சியைப் பார்க்காமல், அந்த நாள்களை எங்கே கழிக்கப் போகிறோம் என்பதைப் பார்த்தே மலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்கீயில் இரண்டு கால்களுக்கும் தனித்தனிப் பலகை. விழும்போது அவை வெவ்வேறு திசையில் முறுக்கிக்கொள்வதால் முழங்கால் அடிபடும். ஸ்னோபோர்டில் இரு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருப்பதால், தடுமாறினால் ஒரு காலை எடுத்து வைத்துத் தாங்க வழியில்லை. முன்னால் குப்புறவோ பின்னால் மல்லாந்தோ விழ வேண்டும், தானாகவே கை நீளும். வரப்பில் நீளும் அதே கைதான். ஆகவே பனியின் ஆழத்தைவிட அதன் மேற்பரப்புதான் புதியவருக்கு முக்கியம். பகலில் இளகி இரவில் இறுகிய பனி காலை ஒன்பது மணிக்குச் சிமெண்டுத் தரை போல இருக்கும். இயந்திரத்தால் சமன்படுத்திய, அகலமான, முடிவில் தானாகவே வேகம் குறைந்து நிற்கும்படி தட்டையாக விரியும் பழகு சரிவு ஒன்று அங்கே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிறகு, அந்தச் சரிவின் மேலே எப்படிப் போவது என்று கேளுங்கள். நம் நாட்டில் பல பழகு சரிவுகளில் போர்டைத் தோளில் சுமந்து நடந்தே ஏற வேண்டும். சிலவற்றில் கம்பியைப் பிடித்து இழுபட்டுப் போகும் லிஃப்ட் இருக்கும். ஸ்கீக்காரருக்கு அது எளிது. பக்கவாட்டில் நிற்கும் போர்டுக்காரர் அதிலேயே பலமுறை விழுவார். உட்கார்ந்து போகும் சேர்லிஃப்ட் இருந்தால் நல்லது.

கற்றுக்கொடுப்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. ஸ்கீ நன்றாகத் தெரிந்தவர் போர்டும் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. காஷ்மீரின் குல்மார்க்கிலும் இமாசலப் பிரதேசத்தின் மணாலியிலும் அரசுப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் நாள் கணக்கில் முறையான வகுப்புகள் நடக்கும். சரிவின் ஓரத்தில் நின்று மணிக்கு இவ்வளவு என்று கூப்பிடுபவரிடம், எத்தனை ஆண்டுகளாகப் போர்டு கற்றுத் தருகிறார் என்று கேட்பதில் தவறில்லை.

உயரம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நாம் இருக்கும் இடம் அப்படி. கல்லணைக்குக் கிழக்கே கடல் வரை, மேம்பாலத்தையும் கோயில் கோபுரத்தையும் தவிர ஏறுவதற்கு எதுவும் இல்லை. தஞ்சாவூரே கடல்மட்டத்திலிருந்து அறுபது மீட்டருக்குள்தான். இங்கிருந்து காலையில் கிளம்புபவர் அன்று இரவே குல்மார்க்கில் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் படுக்கிறார்; மறுநாள் கோண்டோலா எனும் அங்குள்ள ரோப்காரின் இரண்டாம் கட்டத்தில் 3,900 மீட்டரைத் தாண்டி அஃபர்வாட் மலைச் சரிவில் இறங்குகிறார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, தலைச்சுற்றல் என்று உயர நோய் தொடங்கக்கூடும். உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தினமும் போகும் இளைஞருக்கும் வரும். உடல் வலுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. என் கவலை தலைவலியோடு நிற்பதில்லை. தூக்கமில்லாமல், வயிற்றைப் புரட்டிக்கொண்டு, தலை சுற்ற நிற்பவர் போர்டில் ஏறினால் எலும்பு முறியும் வாய்ப்புக் கூடுகிறது. ஸ்ரீநகர் 1,600 மீட்டர் அளவில் இருக்கிறது; முதல் இரவை அங்கே கழித்துவிட்டு மேலே போவதும், மேலே போன முதல் நாளில் போர்டைத் தொடாமல் நடந்து திரிவதும் எளிய ஏற்பாடுகள். மணாலிக்கு மேலே உள்ள சோலாங் சரிவுகளுக்குப் போவோர் மணாலியில் ஏறக்குறைய 2,000 மீட்டரில் தங்கி, பகலில் 2,500 மீட்டருக்குப் போய் இரவு திரும்பலாம். உயரத்தைப் பொறுத்தவரை அது நல்ல அமைப்பு. உயர நோயைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரையை நண்பர் கொடுத்தார் என்று விழுங்க வேண்டாம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும்.

வெளிநாடு போகும் வசதி உள்ளவர்களிடம் ஜப்பானின் நிசேகோவைச் சொல்வதுண்டு. அங்குள்ள அன்னுபுரி மலையின் உச்சியே 1,308 மீட்டர்தான், பனியோ ஏராளம். உயரம் இருந்தால்தான் பனி என்ற எண்ணம் சரியல்ல என்பதற்கு அதுவே சான்று. செலவு வேறு விஷயம்.

மருத்துவமனை எவ்வளவு தூரம் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. குல்மார்க்கிலிருந்து ஸ்ரீநகர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பனி விழும் நாளில் அந்த ஐம்பதுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. உத்தராகண்டின் ஔலி அழகான இடம், சரிவும் புதியவருக்கு இணக்கமானது. ஆனால் ரிஷிகேஷ் எய்ம்ஸுக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. ஜோஷிமட்டில் நிலம் புதைந்ததை ஒட்டி 2023 ஜனவரியில் அங்கிருந்து ஔலிக்குச் செல்லும் ரோப்வேயும் நிறுத்தப்பட்டது. எனவே பழைய பயணக் குறிப்புகளை நம்பித் திட்டமிடாமல் இப்போதைய நிலையை விசாரிக்க வேண்டும். ஒரு சிறு செய்தி: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது. விழுந்து கிடப்பவர் பக்கத்தில் நிற்பவரின் கைபேசி வேலை செய்ய வேண்டுமானால் குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழும் பனிச்சரிவு பற்றி ஒரு வார்த்தை. 2023 பிப்ரவரியில் அஃபர்வாட்டில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தனர். சமன்படுத்தாத, எல்லை குறிக்காத சரிவுகள் அனுபவசாலிகளையே விழுங்கக்கூடியவை. புதியவருக்கு அங்கே வேலையில்லை. பனி குறைந்த ஆண்டும் ஆபத்துதான். 2024 ஜனவரியில் குல்மார்க் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தது. மெல்லிய பனிக்கடியில் கல் இருக்கும். பொங்கலுக்கு முன்பதிவு செய்வோர், தேதியை மாற்ற இடம்கொடுக்கும் விடுதியாகப் பார்ப்பது நல்லது.

வாடகைப் பொருள்களைப் பற்றியும் விசாரியுங்கள். ஆண்டு முழுவதும் செருப்பே போடும் நமக்கு ஷூ அளவு தெரியாது. பாதத்தைக் காகிதத்தில் வரைந்து சென்டிமீட்டரில் அளந்து கொண்டுபோங்கள். ஸ்னோபோர்டு பூட்டில் சென்டிமீட்டர் அளவு குறித்திருக்கும். நாடாவை இறுக்கிய பிறகு முழங்காலை மடக்கினால் குதிகால் மேலே எழும்பக் கூடாது. கணுக்காலின் வெளிப்புறக் குமிழுக்குச் சற்றுக் கீழே வலித்தால் அதைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். கணுக்காலில் உள்ள தாலஸ் எலும்பின் பக்க முனை முறிவது போர்டுக்காரருக்கே உரிய முறிவு, சாதாரண எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும். ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கும். மணிக்கட்டுக் காப்பு பெரும்பாலும் கிடைக்காது. ஸ்கேட்டிங் பொருள்கள் விற்கும் கடையில் இங்கேயே வாங்கிவிடுங்கள். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

அந்த இளைஞர் இந்தத் தையில் மீண்டும் போகிறார். இம்முறை தங்கையையும் அழைத்துச் செல்கிறார். எந்த மலை என்று கேட்க வந்தவர்களிடம், முதலில் விழப் பழகுங்கள் என்றேன். அவர்கள் வீட்டுக் களத்தில் அறுவடைக்குப் பின் வைக்கோல் குவிந்து கிடக்கும். முன்னால் விழும்போது விரல்களை மடக்கி, உள்ளங்கையை ஊன்றாமல், முன்கை முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழ வேண்டும். பின்னால் விழும்போது குனிந்து உட்கார்வது போலத் தாழ்ந்து, மோவாயை நெஞ்சோடு சேர்த்து, கைகளை மார்பில் கட்டியபடி உருள வேண்டும். நாளுக்கு இருபது முறை செய்யச் சொல்லியிருக்கிறேன். தங்கை ஒழுங்காகச் செய்கிறாராம். அண்ணனுக்கு இன்னும் கை நீள்கிறதாம்.