ஆடு கொடுத்த பிறகு வரும் ஓராண்டு

ஏழைக் குடும்பங்களுக்குக் கால்நடை வழங்கி வறுமையைக் குறைக்கும் முயற்சி உலகின் பல பகுதிகளில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அமெரிக்காவின் ஹெய்ஃபர் அமைப்பு 1944இல் பியூர்டோ ரிக்கோவுக்குக் கிடேரிகளைக் கப்பலில் அனுப்பியது. ருவாண்டா அரசு 2006 முதல் ‘கிரிங்கா’ திட்டத்தின் கீழ் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு வழங்குகிறது. அது ஈனும் முதல் கிடேரிக் கன்றை வேறோர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா வெள்ளாடு, செம்மறியாடு வழங்கும் திட்டம் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தலா 5 ஆடுகள் முழு மானியத்தில் வழங்கப்பட்டன. கால்நடை மருத்துவராக இத்தகைய குடும்பங்களோடு பழகியதில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: ஆட்டைக் கையில் கொடுக்கும் நாளைவிட, அடுத்து வரும் ஓராண்டே அந்தக் குடும்பம் கரையேறுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். இளம் பெட்டை ஆடு பருவத்துக்கு வந்து சினை பிடிக்க வேண்டும்; சினைக்காலம் ஐந்து மாதம்; ஈன்ற குட்டி விற்கும் எடைக்கு வர மேலும் ஆறேழு மாதம். ஆக, முதல் வருமானம் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. அதுவரை ஆடுகளை மேய்க்க வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண் மேய்ச்சலுக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். கூலிக்குப் போனால் ஆடு பட்டினி கிடக்கும். இந்த நெருக்கடியில் ஒரு மருத்துவச் செலவோ பள்ளிச் செலவோ வந்தால் ஆடு சந்தைக்குப் போவதில் வியப்பில்லை. இலவசமாகக் கொடுத்ததை விற்றுவிட்டார்கள் என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பசியோடு ஓராண்டு காத்திருக்கச் சொல்லும் ஏற்பாட்டில்தான் குறை இருக்கிறது.

வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டம் இந்த இடைவெளியைச் சரியாகக் கண்டுகொண்டது. கால்நடையோடு, சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கான உதவித்தொகை, வளர்ப்புப் பயிற்சி, அடிக்கடி வீட்டுக்கே வந்து வழிகாட்டும் பணியாளர், சேமிப்புப் பழக்கம் ஆகிய அனைத்தையும் அது சேர்த்துக் கொடுத்தது. இம்முறையை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெரு ஆகிய ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான நாடுகளில் உதவி நின்று ஓராண்டான பின்னும் முன்னேற்றம் நிலைத்திருந்ததைக் காட்டியது. மேற்கு வங்கத்தில் பந்தன் நிறுவனம் நடத்திய திட்டத்தின் பயன் பத்தாண்டுகளுக்குப் பிறகும் தெரிந்தது. ஹோண்டுராஸில் மட்டும் நிலைமை வேறு. அங்கே பலருக்கு வழங்கிய கோழிகள் நோயில் மடிந்தன.

நோய் என்றதும் பலர் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எப்போது போடப்பட்டது என்பதே முக்கியம். பல ஊர் ஆடுகள் ஒன்றாக அடைபடும் சந்தையில் வாங்கி, வண்டியில் நெருக்கி ஏற்றி, தண்ணீர் காட்டாமல் கொண்டுவந்து இறக்கும் ஆட்டுக்கு எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும். ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமி ஏற்கெனவே தொற்றியிருந்தால் ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் அடித்து, கண்ணும் மூக்கும் ஒழுகி, ஈறில் புண் வெடித்து, கழிச்சல் கண்டு ஆடு படுத்துவிடும். அந்த நிலையில் போடும் ஊசியால் அதைக் காப்பாற்ற முடியாது. ஆகவே, அதே வட்டாரத்தில் ஆடு வளர்ப்பவர்களிடம் நேரடியாகவும், தடுப்பூசி போட்டு இரண்டு மூன்று வாரங்கள் கழித்தும் வாங்குவதே நல்லது. உள்ளூர் வெயிலும் மேய்ச்சலும் பழகிய ஆடு என்பது கூடுதல் நன்மை. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக்குக் ‘கன்னி’ என்ற உள்ளூர் ஆட்டினம் இருக்கும்போது வெளியூர் இனத்தைத் தேடத் தேவையில்லை. வந்த ஆடுகளை, வீட்டில் முன்பே ஆடு இருந்தால் அவற்றோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்ட வேண்டும்.

பயிற்சியை மண்டபத்தில் ஒருநாள் உரையாக முடித்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும் என்பதை ஆடு ஈனும் கொட்டிலில் நின்று சொன்னால்தான் மனத்தில் பதியும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகே பால் கொடுக்க வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தக் காத்திருப்பில் நோய் எதிர்ப்பு சக்தி கிடைக்காமல் குட்டிகள் சாகின்றன. தொப்புள்கொடியில் அயோடின் தடவுவது, மழைக்காலத்துக்கு முன் துள்ளுமாரி என்ற குடல்நோய்க்குத் தடுப்பூசி போடுவது, குடற்புழு நீக்கம் செய்வது, தீவனத்துக்காக வேலியோரம் அகத்தியும் சவுண்டலும் நட்டு வைப்பது ஆகியவற்றையும் அந்தந்தப் பருவத்தில் வீடு தேடிச் சென்று சொல்ல வேண்டும்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆடு இறந்தால், காப்பீட்டு அடையாளமாகக் காதில் மாட்டிய காதுவில்லையோடு அப்படியே புதைத்துவிட்டு, பிறகு இழப்பீடு கேட்டு வருபவர்கள் உண்டு. காதுவில்லையும் மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் பணம் கிடைப்பது கடினம். இறந்த ஆட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள். ஆடு நோயுற்ற அன்றே 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும்.