நாயோடு மலையேற: அறை போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ நாலு நாள் போய்வரலாம் என்று வீட்டில் முடிவானதும் எல்லோரும் முதலில் தேடுவது அறையைத்தான். நாயும் கூட வருகிறது என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் நாயின் காகிதங்கள், அடுத்து வண்டி, அப்புறம்தான் அறை. வீட்டில் பிள்ளை மாதிரி வளரும் ஜீவனை அரசு அப்படிப் பார்ப்பதில்லை. ரயில்வேக்கு அது லக்கேஜ். விலங்குகளை ஏற்றிச்செல்வதற்கான விதிகளைப் பொறுத்தவரை, வேளாவேளைக்குத் தண்ணீரும் தீனியும் கிடைக்கவேண்டிய பிராணி. வனத்துறைக்கோ அது காட்டுக்குள் நோயைக் கொண்டுவரக்கூடிய வெளி விலங்கு. சென்னையிலிருந்து மலை உச்சி வரை போவதற்குள் இந்த மூன்று கணக்கிலும் உங்கள் நாய் வந்துவிடும்.

காகிதம் என்றால் இரண்டு. ஒன்று தடுப்பூசி அட்டை. அதில் ரேபிஸ் ஊசி போட்ட தேதி இருக்கவேண்டும், காலம் கடந்திருக்கக் கூடாது. இன்னொன்று, நாய் பயணம் செய்யும் நிலையில் இருக்கிறது, தொற்றுநோய் அறிகுறி ஏதுமில்லை என்று கால்நடை மருத்துவர் கொடுக்கும் உடல்தகுதிச் சான்றிதழ். 1978ஆம் ஆண்டின் விலங்குகளை ஏற்றிச்செல்லும் விதிகள் இந்தச் சான்றிதழைக் கேட்கின்றன. ரயிலுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். ரயில், சாலை, கப்பல், விமானம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த விதி எழுதப்பட்டிருக்கிறது. சொந்தக் காரில் போகிறவரை நிறுத்தி யாரும் இதைக் கேட்பது அபூர்வம்தான். ஆனாலும் வழியில் நாய் யாரையாவது கடித்துவிட்டால், முதலில் கேட்கப்படும் காகிதம் தடுப்பூசி அட்டையாகத்தான் இருக்கும்.

இனி ரயில். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி, இரண்டடுக்கு ஏசி, சேர் கார் எதிலும் நாயை உங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டு போக முடியாது. முதல் வகுப்பு ஏசியிலோ சாதாரண முதல் வகுப்பிலோ மட்டும்தான் அனுமதி. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு படுக்கை கொண்ட கூபேயோ நாலு படுக்கை கொண்ட கேபினோ முழுவதும் உங்கள் பெயரில் இருக்கவேண்டும். ஒற்றை ஆளாக டிக்கெட் எடுத்தால் கூபே கிடைக்குமா, முன்பின் தெரியாத மூன்று பேரோடு கேபினில் இடம் விழுமா என்பது பயணிகள் பட்டியலான சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். அதனால் இரண்டு பேராகவோ நாலு பேராகவோ ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், டிக்கெட் எடுத்து, நாய் வருகிறது, கூபே ஒதுக்கித் தரவும் என்று முன்பதிவு அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துவைப்பது நல்லது. உறுதியான டிக்கெட் இருந்தாலும் கூபே உறுதி என்று அர்த்தமில்லை.

இடம் உறுதியானபின் நாய்க்குத் தனியாகக் கட்டணம் கட்டவேண்டும். அது பயணிக் கட்டணம் இல்லை, லக்கேஜ் கட்டணம். நாய்க்கென்று ரயில்வே ஒரு எடையைக் கணக்கில் வைத்துக்கொண்டு அதற்கேற்ப வசூலிக்கும். வண்டி புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நாயோடு ஸ்டேஷன் பார்சல் ஆபீசுக்குப் போய்விடுங்கள். டிக்கெட் நகல், அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை, மருத்துவரின் சான்றிதழ் நான்கும் கையில் இருக்கட்டும். நாயின் இனம், நிறம், ஆணா பெண்ணா என்ற மூன்றும் சான்றிதழில் எழுதியிருக்கவேண்டும். அவசரத்தில் மருத்துவர் ‘நாய் நலமாக உள்ளது’ என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பார், நாமும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவோம். அந்த ஒரு வரி பார்சல் ஆபீசில் செல்லாது.

கூபே கிடைக்கவில்லை என்றால் மிச்சமிருப்பது ரயில் கார்டு பயணிக்கும் பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. விதிப்படி அனுமதி உண்டு. தீனியும் தண்ணீரும் உங்கள் பொறுப்பு, நடுவில் ஏதாவது ஆனால் ரயில்வே பொறுப்பேற்காது. வெளிப்படையாகச் சொல்கிறேன், வீட்டுக்குள் சோபாவில் படுத்துப் பழகிய நாய்க்கு இரவு முழுக்க அந்தத் தகரச் சத்தம் பெரிய தண்டனை. கூபே இல்லை என்று தெரிந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுக் காரில் போகலாம். டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று பிடிவாதம் பிடிக்கவேண்டாம். நாய்க்குக் கட்டணம் கட்டாமல் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு போகலாம் என்ற யோசனையும் வேண்டாம். பிடிபட்டால் அபராதக் கட்டணம் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயிலில் கூபே என்பதே இல்லை. தனிக் கூபே என்ற ஏற்பாட்டை நம்பி அங்கே போகாதீர்கள்.

காரில் போவது எளிது. ஆனால் விதி இல்லாமல் இல்லை. 1978 விதிகளின்படி புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே தீனியும் தண்ணீரும் கொடுத்து முடித்திருக்கவேண்டும். கிளம்பும் கடைசி நேரத்தில் நன்றாக நடக்கவிட்டு ஏற்றவேண்டும். கோடையில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர். வளர்ந்த நாய்க்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு, குட்டிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. பிரசவம் நெருங்கிய நாயை ஏற்றவே கூடாது. எழுதியவர் யாரோ, நாய் வளர்த்தவராகத்தான் இருக்கவேண்டும்! வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் வயிறு நிறைந்த நாய் வாந்தியெடுக்கும். அந்த இரண்டு மணி நேர இடைவெளி அங்கேதான் கைகொடுக்கிறது. இன்னொன்று, ஓட்டுநரின் மடியில் நாயை உட்காரவைப்பது. வண்டியை இயக்குவதற்கு இடைஞ்சலாக யாரையும் எதையும் வைக்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 125ஆம் பிரிவு சொல்கிறது.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு இணையதளத்தில் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் போட்டார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. சீசனில் போகிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும்போது கடை பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், மலையில் அதற்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டிலும் ஒரு கிண்ணமும் போதும்.

சரி, காடு. மைசூரு பக்கமிருந்து ஊட்டிக்கு வரும் சாலை பந்திப்பூர், முதுமலை என்று இரண்டு புலிகள் காப்பகங்களை ஊடுருவி வருகிறது. பந்திப்பூர் வழி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்கு மூடப்படும். பகலிலும் காட்டுச்சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கக்கூடாது. ‘நாய்க்கு அவசரம்’ என்ற காரணம் செல்லாது. அதனால் காட்டுக்கு முன்பு வரும் குண்டுலுபேட்டை ஊரிலேயே நாயை நடத்தி, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஏறுங்கள். சஃபாரி வண்டியில் நாயை ஏற்றமாட்டார்கள். வெளியில் நிறுத்திய காருக்குள் பூட்டிவிட்டுப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள். மலைக்காற்று குளிர்ந்தாலும் வெயில் விழும் கண்ணாடிக்குள் சூடு ஏறிவிடும்.

வனத்துறை இத்தனை கெடுபிடி காட்டக் காரணம் உண்டு. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தன. இறந்தவற்றில் பலவற்றின் உடலில் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. நாய்களிடம் பரவலாகக் காணப்படும் அதே நோய்தான். உங்கள் நாய்க்கு அதற்கான ஊசி போட்டிருக்கலாம். சோதனைச்சாவடியில் நிற்பவருக்கு அது தெரியாதே!

கயிறு விஷயம் இன்னும் முக்கியம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமில்லை, துரத்துவதும் ஓட்டுவதும்கூட அடங்கும். கயிற்றை அவிழ்த்துவிட்ட நாய் கடமானைக் கண்டு பாய்ந்தால், ‘அது விளையாடுகிறது’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மலையூர்களில் சிறுத்தை தேயிலைத் தோட்டம் வரை வந்துபோகும், நாய் அதற்குப் பிடித்த இரை. இருட்டியபின் நாயை வாசலில் கட்டாதீர்கள். இதற்குச் சட்டம் தேவையில்லை, அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டாலே போதும்.

விடுதிகள் நாயை அனுமதித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. போனில் ‘பார்த்துக்கலாம் சார்’ என்பதை நம்பி மலையேறாதீர்கள். நாயின் இனம், அளவு சொல்லி, அறைக்குள் அனுமதியா, தனிக் கட்டணம் எவ்வளவு என்று செய்தியாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள். நாயை நீண்ட நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும், பட்டினி போட்டு விட்டுவிட்டுப் போவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த 50 ரூபாய் உச்சவரம்பு மாறவில்லை என்பது வேறு கதை. ஆனால் நாயை அலட்சியமாக விட்டு அதனால் பிறருக்கு ஆபத்து வந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ரயிலில் திரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். போகும்போது வாங்கிய உடல்தகுதிச் சான்றிதழ் நாலு நாள் கழித்துச் செல்லும் என்று இருந்துவிடாதீர்கள். பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு எடுத்ததைத்தான் கேட்பார்கள். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போனால் கூட்டம் குறைவாக இருக்கும், அந்தச் சான்றிதழிலும் இனம், நிறம், பாலினம் மூன்றையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.